ஒரே தோட்டத்தில் இரண்டு போர்வெல்

வடமதுரை, வேடசந்தூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். முதல் போர்வெல்லில் தண்ணீர் குறைகிறது. இரண்டு இன்ச் வந்தது ஒன்றாகி, அரையாகி, பங்குனிக் கடைசியில் காற்றோடு சேர்ந்து விட்டுவிட்டு வருகிறது. ரிக் வண்டியைக் கூப்பிட்டு, அதே தோட்டத்தில் முப்பது நாற்பது அடி தள்ளி இன்னொன்று போடுகிறார்கள். புதிதில் தண்ணீர் பீறிட்டு வரும். அந்த வருஷம் தப்பித்துவிடலாம். அடுத்த சித்திரையில் இரண்டும் ஒரே வாரத்தில் வற்றும்.

காரணம் பாறையில் இருக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் அடியில் கிடப்பது கடினப் பாறை. ஆற்று மணலைப் போல அது உடம்பெங்கும் தண்ணீரைத் தேக்கி வைக்காது. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்ட இரண்டு துளைகள் பல நேரம் ஒரே வெடிப்பிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. மேலே இரண்டு மோட்டார், இரண்டு குழாய். கீழே ஒரே தண்ணீர்.

திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் வரும் வழிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பெய்யும் மழையை அது பிடிக்கிறது. அதன் பெரும் நம்பிக்கை ஐப்பசி, கார்த்திகை மழை. இரண்டாவது வைகை ஆற்றில் உள்ள பேரணை. அங்கே வரும் தண்ணீரில், முல்லைப் பெரியாற்றிலிருந்து 1895 முதல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்படும் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது; அது மேற்கு மலைகளின் தென்மேற்குப் பருவமழை. மூன்றாவது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதன் ஊற்றுக்கண் குடகில் இருக்கிறது. ஆத்தூர் அணை தரை தட்டும் காலத்தில் குடகில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். மூன்று குழாய்களும் மூன்று வேறு வானங்களைப் பார்க்கின்றன.

அப்படியிருந்தும் 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து, காவிரியும் மெலிந்தபோது, அடுத்த கோடையில் திண்டுக்கல் தெருக்களில் குடங்கள் வரிசை கட்டின. வெவ்வேறு வானங்கள்கூட ஒரே வருஷத்தில் பொய்க்கலாம். ஆனால் அது அரிது. ஒரே தோட்டத்து இரண்டு போர்வெல்கள் ஒன்றாக வற்றுவது வாடிக்கை. இந்த அத்தியாயம் பேச வந்தது இந்த வேறுபாட்டைத்தான். பேசப்போகும் பொருள் தண்ணீர் இல்லை. இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் நாம் சேர்த்து வைத்திருக்கும் எல்லாமும்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையை எண்ணிக்கொள்வோம். ஐந்து வருஷமாக அதற்கு ஓர் இணையதளம் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் சேலைகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை, வெளியூர் வாடிக்கையாளர்களின் முகவரிகள், யாருக்கு எது அனுப்பியது, யார் எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற விவரம். கடையில் இருப்பது துணி. வியாபாரத்தின் நினைவு முழுவதும் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு வாடகைச் சர்வரில் இருக்கிறது. தளத்தைச் செய்துகொடுத்த பையனிடம் கடைக்காரர் ஒருநாள் கேட்கிறார்: “தம்பி, இது எல்லாம் போயிட்டா?” அவன் சொல்கிறான்: “அதெல்லாம் போகாதுண்ணே. டெய்லி பேக்கப் கம்பெனிக்காரங்களே எடுத்துடுவாங்க.” அவன் பொய் சொல்லவில்லை. திரையிலும் ‘தினசரி பேக்கப்’ என்று பச்சை விளக்கு எரிகிறது. கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை: அந்த இரண்டாவது போர்வெல் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹார்ட் டிஸ்க் ஒரு வருஷத்தில் கெட்டுப்போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கெடுமானால், இரண்டும் அதே வருஷத்தில் போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மூன்று டிஸ்க் என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. கேட்க நிம்மதியாக இருக்கும். இப்போது அந்தக் கட்டடமே எரியவோ, அந்தக் கணக்கே அழிக்கப்படவோ ஐந்நூறில் ஒரு வாய்ப்பு இருப்பதாகச் சேருங்கள். பத்தாயிரத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று எல்லாம் அர்த்தமிழந்துவிடும். உங்கள் ஆபத்து ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று. அதே இடத்தில் இன்னும் பத்து நகல் எடுத்தாலும் அது ஐந்நூறில் ஒன்றுதான். பெருக்கல் வேலை செய்வதற்கு நகல்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காரணம் நுழைந்த இடத்தில் பெருக்கல் நின்றுவிடுகிறது.

அந்தப் பொதுக்காரணம் 2021 மார்ச் 10 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தீயாக வந்தது. ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான ஓவிஎச்கிளவுட் அங்கே பக்கத்துப் பக்கத்தில் சில டேட்டா சென்டர்கள் வைத்திருந்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. அடுத்த கட்டடத்தின் 12 அறைகளில் 4 அழிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நெட்கிராஃப்ட் என்ற கண்காணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 36 லட்சம் இணையதளங்கள் அன்று முடங்கின. காலையில் நிறுவனத்தின் தலைவர் ஆக்டேவ் கிளாபா வாடிக்கையாளர்களிடம், உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தை இயக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்படி ஒரு திட்டம் தங்களிடம் இல்லை என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். பாத்தி கூர்டாஜ் என்ற நிறுவனம் அப்படிப்பட்டது. பேக்கப், மூலச் சர்வரிலிருந்து இடத்தால் பிரிக்கப்பட்டிருக்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன, ஒன்றாகவே எரிந்தன. 2023 ஜனவரியில் லீல் வணிக நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கும் மேல் நட்டஈடு தரச் சொன்னது. பணத்தைத் தரச் சொல்லலாம். எரிந்ததைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

சரி, வேறு ஊரில் ஒரு நகல் வைத்தால் போதுமா? ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் அதைச் செய்திருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குச் சேமிப்பு. கூகுள் கிளவுடில் இரண்டு தனித்தனிப் புவியியல் இடங்களில் அவர்கள் அமைப்பு இரட்டையாக ஓடியது என்று அந்நிறுவனமும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. 2024 மே மாதத் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாக மறைந்தன. தீயில்லை, வெள்ளமில்லை, திருடனில்லை. முன்பு ஒருநாள் அந்த அமைப்பை நிறுவும்போது கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. காலியாக விட்டால் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாக அழித்துவிடு என்று அந்தக் கருவி பொருள் கொண்டது. நாள் வந்தது, அழித்தது. இடம் இரண்டாக இருந்தாலும் சந்தா ஒன்று. பாறைக்கு அடியில் ஓடும் அந்த ஒரே வெடிப்பு அங்கேயும் இருந்தது. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது. இழப்பைக் குறைத்ததில் அதற்குப் பங்கு உண்டு என்றும் அதே அறிக்கை சொன்னது. சேவை முழுதாக மீள ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது, ஆனால் மீண்டது.

நமக்குக் கடல் ஒன்று தாண்டினால் இதைவிடச் சோகமான கதை இருக்கிறது. இலங்கையில் அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் லங்கா அரசு மேகம் என்ற பொது அமைப்பில் ஓடின. 2023 ஆகஸ்ட் 26 அன்று ரேன்சம்வேர் அதற்குள் புகுந்தது. ரேன்சம்வேர் கோப்புகளைத் திருடுவதைவிட, பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் கொள்ளை. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. பேக்கப் இருந்தது, ஆனால் அதுவும் அதே வலையில் எப்போதும் இணைந்தே இருந்தது, அதனால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. வலையிலிருந்து கழற்றி வைத்த நகல் மே 17க்குப் பிறகு எடுக்கப்படவில்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை, ஏறத்தாழ நூறு நாள் கடிதங்கள் போய்விட்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 2021இல், அதே மேகத்தில் வைத்திருந்த தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் தரவுகள் அழிந்து, மீட்பதற்கு நகல் இல்லாமல் நாடு திகைத்தது. மருந்துப் பதிவு என்பது எந்த மாத்திரை விற்கலாம், எது கூடாது என்ற முடிவின் ஆதாரம். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஒரே பிரதியாக இருந்த சுவடிகளை 1981இல் யாழ்ப்பாணத்தில் தீக்குக் கொடுத்த தீவு அது.

யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவை சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும். அச்சில் வந்தவற்றுக்கு வேறெங்கோ பிரதி இருந்தது. ஒரே ஏடாக இருந்தது போனது போனதுதான். பழைய காலத்தில் ஓலை தானாகவே சிதையும் என்பதால் தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் பெயர்த்து எழுதும் பழக்கம் இருந்தது; பெயர்த்தது வேறு ஊர் மடத்துக்கும் வேறு வீட்டுக்கும் போனது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பிரதிகளை ஒப்பிட முடிந்தது அதனால்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றியபோது, அதே பழைய வழியைத்தான் புதிதாகத் தொட்டது. உலகெங்கும் எத்தனை கணினிகளில் அந்த நூல்கள் கிடக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது. அவற்றை ஒரே நாளில் அழிக்கவும் யாராலும் முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சர்வரில் இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு உண்டு. ஒன்று கெட்டால் மற்றது தாங்கும்; கடை ஒரு நிமிஷம்கூட மூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கண்ணாடி. நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், கண்ணாடிக்குள் இருப்பவரும் அதே நொடியில் அழிப்பார். பேக்கப் என்பது புகைப்படம்: நேற்றைய முகம் நேற்றையபடியே இருக்கும். நேற்று மட்டும் போதாது. தளத்தில் புகுந்த திருட்டு நிரலை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதுண்டு. அப்போது ஏழு நாள் பேக்கப் அத்தனையிலும் திருடன் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் பழைய கணினி அறைகளில் தாத்தா, அப்பா, மகன் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். நாள்தோறும் எடுப்பது மகன், வாரத்துக்கு ஒன்று அப்பா, மாதத்துக்கு ஒன்று தாத்தா. மகன்கள் வாரத்தில் மறைவார்கள். தாத்தாக்கள் வருஷக்கணக்கில் இருப்பார்கள்.

புகைப்படம் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. ஏலம் மும்முரமாக நடக்கிறது. கணக்குப்பிள்ளை சிட்டையில் எழுதிக்கொண்டே இருக்கிறார். அப்போது யாரோ அந்தச் சிட்டையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்தபோது முருங்கை மூட்டை விற்கவில்லை. பத்தாம் பக்கத்துக்கு வந்தபோது விற்ற பணம் வரவில் ஏறிவிட்டது. படங்களைச் சேர்த்தால் மூட்டையும் கடையில் இருக்கிறது, பணமும் வந்திருக்கிறது. இப்படி ஒரு நிலை எந்த நிமிஷத்திலும் இருந்ததே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் நேர்வது இதுதான். தரவுத்தளத்திடமே கேட்டு, ஒரு குறிப்பிட்ட கணத்தில் எல்லாம் எப்படி இருந்ததோ அதை எழுதி வாங்க வேண்டும். அதற்கான கட்டளை அநேகமாக எல்லாத் தரவுத்தளங்களிலும் உண்டு. சின்னாளப்பட்டிக் கடைக்கு இரண்டும் வேண்டும்: தரவுத்தளத்தின் இந்த எழுத்து நகல் ஒன்று, சேலைப் படங்கள் உள்ள கோப்புறை ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் விலையில்லாத படங்களோ, படமில்லாத விலைகளோதான் மிஞ்சும்.

தினமும் அத்தனை படங்களையும் இறக்கினால் கடையின் இணைய இணைப்பு திணறாதா? திணறாமல் செய்த வித்தையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் 1996இல் வெளியிட்டார்கள். பெயர் ஆர்சிங்க். உங்கள் வீட்டுக் கணினி தன்னிடமுள்ள பழைய நகலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுத்து, கைரேகைகளை மட்டும் சர்வருக்கு அனுப்பும். கைரேகை என்றது ஒரு சிறிய எண். துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். சர்வர் தன் புதிய கோப்பின் மேல் ஒரு சாளரத்தை எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டே, அந்தக் கைரேகைகள் எங்கெங்கே பொருந்துகின்றன என்று பார்க்கும். பொருந்தியது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பொருந்தாதது மட்டும் கம்பியில் வரும். நேற்று ஐந்து சேலை ஏற்றியிருந்தால் அந்த ஐந்து படங்கள் மட்டும் வரும். எனக்கு இதில் பிடித்தது, இரண்டு பக்கமும் மற்றவரின் கோப்பை முழுதாகப் பார்க்காமலே வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடுவது.

அந்த வேலையை யார் தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சர்வரே தினமும் உங்கள் வீட்டுக் கணினிக்கு நகலைத் தள்ளுமானால், வீட்டுக் கணினியின் சாவி சர்வரில் இருக்கிறது என்று பொருள். சர்வருக்குள் புகுந்தவன் அந்தச் சாவியையும் எடுத்துக்கொள்வான். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்தவர்கள் சர்வர்களையும் பேக்கப்களையும் சேர்த்தே அழித்தார்கள். ஒரே சாவிக்கு எல்லாம் திறந்தது. நிறுவனம் மூடப்பட்டது. ஆகவே வீட்டுக் கணினி போய் எடுத்து வரட்டும். சர்வரைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் ஒரு சாவி வீட்டில் இருக்கட்டும். வீட்டைத் திறக்கும் சாவி எதுவும் சர்வரில் வேண்டாம்.

சாவி பற்றி திண்டுக்கல்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாகல் நகர், நல்லாம்பட்டிப் பட்டறைகளில் கையால் செய்யும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரம் போட்டு வெட்டிய சாவி தொலைந்தால் கடையில் வாங்க முடியாது என்பதால், மாற்றுச் சாவியை எங்கே வைப்பது என்பதை இந்த ஊர் யோசித்துத்தான் வைத்திருக்கிறது. பீரோவின் மாற்றுச் சாவியை பீரோவுக்குள் யாரும் வைப்பதில்லை. பேக்கப்பை ரகசியக் குறியீட்டால் பூட்டி வைப்பவர்கள் இதையே செய்ய வேண்டும்: கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டில் ஒன்று, நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் ஒன்று. வாடிக்கையாளர் முகவரிகள் உள்ள டிஸ்க்கைப் பூட்டாமல் வெளியே கொடுக்கவும் கூடாது. தளத்தின் முகவரியான டொமைன் பெயரும் ஒரு சாவிதான். அது கடைக்காரர் பெயரில், அவர் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்தவர் பெயரில் இருந்தால், எத்தனை நகல் இருந்தாலும் பழைய முகவரியில் கடையைத் திறக்க முடியாது.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், படங்களைப் பாதுகாக்க மூன்று, இரண்டு, ஒன்று என்று சுருக்கமாக ஒரு விதி சொன்னார்: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நான் அதில் இரண்டு சேர்ப்பேன். ஒன்றாவது வேறொருவர் கணக்கில் இருக்கட்டும்; ஒன்றாவது கம்பியிலிருந்து கழற்றியே கிடக்கட்டும். சின்னாளப்பட்டிக் கடைக்கு இதற்குப் பெரிய செலவில்லை. மாற்றி மாற்றி மாட்ட இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். ஒன்று கடையில், மற்றது மாதம் ஒருமுறை பழனியில் உள்ள மைத்துனர் வீட்டுக்கு.

இத்தனையும் செய்தவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர், இரண்டாவது சர்வரில் இருப்பதாக நினைத்து முதல் சர்வரின் தரவுத்தளத்தை அழித்தார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் உதவவில்லை. தினசரி நகலெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று அது அனுப்பிய அஞ்சல்களும் யாரிடமும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதி அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதை ஒளிக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. அந்த நேர்மையால்தான் நாம் இன்று இதைத் தெரிந்துகொண்டிருக்கிறோம். ஐந்து ஏற்பாடுகள் இருப்பதாக நம்பினார்கள். எதையும் திறந்து பார்க்கவில்லை.

திறந்து பார்க்க ஒரு நாள் வேண்டும். அந்த நாளை மின்வாரியமே மாதாமாதம் கொடுக்கிறது. பராமரிப்புக்காக மின்தடை என்று முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர்கள் வரும். காலை 9 மணிக்குக் கரண்ட் போய்விடும். கடையில் ஃபேன் நிற்கும், வைஃபை பெட்டியின் விளக்குகள் அணையும், பில் போட முடியாது. கைப்பேசியின் இணையத்தையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ஒரு பழைய லேப்டாப்பில், மைத்துனர் வீட்டிலிருந்து வந்த டிஸ்க்கை மாட்டுங்கள். தளத்தை அதில் நிறுவிப் பாருங்கள். வெளியுலகத்தோடு ஒரு கம்பியும் இல்லாத அந்த அறையில், தரவுத்தளம் ஏறுகிறதா, முகப்புப் பக்கம் வருகிறதா, ஐந்து வருஷம் முன்பு முதன்முதலில் ஏற்றிய சேலையின் படம் தெரிகிறதா, போன வாரம் கோயம்புத்தூருக்கு அனுப்பிய ஆர்டர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். முதல் தடவை ஏதாவது ஒன்று வராது. படக் கோப்புறை ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது தாளில் எழுதிய கடவுச்சொல் பழையதாக இருக்கும். குறித்து வைத்துச் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதம் பேப்பரில் ஊர்ப் பெயர் வந்ததும் மறுபடி அந்த லேப்டாப்பை எடுங்கள்.